செல்போன் டவரும் தாமிர வலையும்: பணம் கொடுப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து சுமார் அறுபது மீட்டர் தள்ளி, மூன்று மாடிக் கட்டடத்தின் மேல் போன மாதம் செல்போன் டவர் வைத்தார்கள். எங்களுடையது ஒரு மாடி வீடு. மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. ஒருவர் கருவியோடு வந்து அளந்தார். அதில் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் வந்தது. ஜன்னல்களுக்குத் தாமிர வலை, செல்போன்களுக்கு ஸ்டிக்கர், எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் என்கிறார். மகன் அடுத்த ஆண்டு இன்னொரு மாடி எழுப்ப நினைக்கிறான். ஆபத்து எவ்வளவு என்று நாமே கணக்கிட முடியுமா? நான் எட்டாம் வகுப்புதான் படித்திருக்கிறேன்.

பதில்: அந்த ஆளுக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை அம்மா. கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். கணக்கை நாமே போடலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பயம் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. இப்படி வீடு வீடாக எடுத்து வருகிற மலிவுக் கருவிகளில் ஒரு வகை, வீட்டு மின்கம்பியைச் சுற்றி உண்டாகும் காந்தப் புலத்தை மட்டும் அளப்பது. ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் கொண்டு போனாலும் அது அலறும். அதற்கும் டவருக்கும் சம்பந்தம் கிடையாது. இன்னொரு வகை ரேடியோ அலையை உணரும். ஆனால் அந்த அலை டவரிலிருந்து வந்ததா, கொண்டு வந்தவரின் சட்டைப் பையில் இருக்கும் செல்போனிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. ஸ்டிக்கர் விற்கும் தந்திரமும் இதில்தான் இருக்கிறது. அழைப்பு இணையும் நேரத்தில் செல்போன் உரக்கப் பேசும், இணைந்த பிறகு குரலைத் தாழ்த்திக்கொள்ளும். விற்பவர் இணையும்போது ஒருமுறை அளந்து காட்டுவார், ஸ்டிக்கரை ஒட்டுவார், இணைந்த பிறகு மறுபடி அளப்பார். முள் கீழே இறங்கும். ஸ்டிக்கர் ஒட்டாமல் இருந்தாலும் அது இறங்கித்தான் இருக்கும்.

அவர் மறுபடி வந்தால் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். அவரிடம் இருக்கிற ஸ்டிக்கர்கள் அத்தனையையும் அவருடைய செல்போனில் முன்னும் பின்னும் ஒட்டட்டும், பிறகு உங்கள் எண்ணுக்கு அழைக்கட்டும். ஸ்டிக்கர் உண்மையிலேயே அலையை உறிஞ்சினால் அழைப்பு வரக் கூடாது. மணி அடித்தால் அலை போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

டவரிலிருந்து வருவது மின்காந்த அலை. அகல் விளக்கின் வெளிச்சமும் வானொலி அலையும் எக்ஸ்ரேயும் ஒரே குடும்பம். எல்லாமே வெற்றிடத்தில் நொடிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. துல்லியமாகச் சொன்னால் 2,99,792.458 கிலோமீட்டர். வேறுபாடு அலைநீளத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி: 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால், அதாவது அலை நொடிக்கு எத்தனை பத்து லட்சம் முறை துடிக்கிறது என்ற எண்ணால் வகுங்கள், மீட்டரில் விடை வரும். 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 33 சென்டிமீட்டர், அதாவது ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல். 1800க்கு 17 சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. 5ஜிக்குப் பயன்படும் 3500க்கு நாலைந்து விரற்கடை. சென்னை வானொலியின் மத்திய அலை 720 கிலோஹெர்ட்ஸ், அதாவது 0.72 மெகாஹெர்ட்ஸ், அந்த அலையின் நீளம் 417 மீட்டர். உங்கள் தெருவை விட நீளமாக இருக்கும், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உங்களைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறது.

அலைநீளம் எதற்கு என்றால், அது குறையக் குறைய அலை சுமந்து வருகிற ஒவ்வொரு ஆற்றல் பொட்டலத்தின் வலுவும் கூடும். உடம்பின் அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க ஏறத்தாழ 10 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். இது மிகச் சின்ன ஆற்றலை அளக்கும் அலகு. பச்சை வெளிச்சத்தின் ஒரு பொட்டலத்தில் இருப்பது இரண்டே கால். எக்ஸ்ரேயில் பல ஆயிரம், அதனால்தான் கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே எடுக்க மருத்துவர்கள் அவ்வளவு யோசிக்கிறார்கள். 900 மெகாஹெர்ட்ஸ் டவர் அலையில் இருப்பது 0.0000037. பச்சை வெளிச்சத்தை விட ஆறு லட்சம் மடங்கு வலுக் குறைந்தது. சவ்வாது மலைமேல் காவலூர் வானாய்வகத்தில் 1986இல் திறந்த பெரிய தொலைநோக்கி, தொலைதூர நட்சத்திரங்களின் வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேகரிக்கிறது. அந்த வெளிச்சத்தின் ஒவ்வொரு பொட்டலமும் உங்கள் தெரு டவர் அலையின் பொட்டலத்தை விட லட்சக்கணக்கான மடங்கு வலுவானது.

தமிழில் எக்ஸ்ரேக்கும் கதிர்வீச்சு என்றுதான் சொல்கிறோம், டவர் அலைக்கும் கதிர்வீச்சு என்றுதான் சொல்கிறோம். இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. பத்தாம் வகுப்புப் பாடத்தில் அலைநீளச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறோமே, அதே பிள்ளையின் வீட்டு மாடிக்கு எதிரில் நிற்கிற டவருக்கு அதைப் போட்டுப் பார்க்க ஒரு வகுப்பிலாவது சொல்லிக் கொடுக்கிறோமா? கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியை உங்கள் பேரப் பிள்ளைகளே தீர்த்துவைத்திருப்பார்கள்.

அலை வலுவற்றதாக இருந்தாலும் அளவு மிகுந்தால் உடம்பைச் சூடாக்கும். மைக்ரோவேவ் அடுப்பு அப்படித்தான் சமைக்கிறது. ஆகவே ஒரு சதுர மீட்டரில் எத்தனை வாட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். 2012 செப்டம்பரில் இந்தியா, உலக அளவிலான பரிந்துரையில் பத்தில் ஒரு பங்கை வரம்பாக வைத்தது. மெகாஹெர்ட்ஸ் எண்ணை 2000ஆல் வகுத்தால் அந்த வரம்பு கிடைக்கும்: 900க்கு 0.45 வாட், 1800க்கு 0.9. 2000க்கு மேல் போனால் 1 வாட். அந்தக் கடுமையான அளவையே வைத்து உங்கள் வீட்டுக்குப் பார்க்கிறேன்.

ஒரு ஆன்டெனாவுக்குள் 20 வாட் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டெனா அதை எல்லாப் பக்கமும் சிந்தாமல் டார்ச் விளக்கு மாதிரி ஒரு பக்கமாகக் குவிக்கிறது. குவிப்பு ஐம்பது மடங்கு என்றால் எதிரில் நிற்பவருக்கு அது 1000 வாட் போலத் தெரியும். தூரத்தை அதே தூரத்தால் பெருக்குங்கள்: 60 பெருக்கல் 60, 3600. அதை 12.57ஆல் (உருண்டையின் மேற்பரப்பைக் கணக்கிடும் எண்) பெருக்குங்கள், ஏறத்தாழ 45,000. 1000ஐ இதால் வகுத்தால் 0.022 வாட். வரம்பு 0.45. இருபதில் ஒரு பங்கு.

ஒரு டவரில் ஒரு ஆன்டெனாவா இருக்கிறது என்று கேட்பீர்கள். ஆறு இருந்து, ஆறும் உங்கள் வீட்டையே பார்த்தாலும் 0.13தான். உண்மையில் அவை வெவ்வேறு திசை பார்க்கின்றன. மேலும் அந்தக் கற்றை கிடைமட்டமாக, கொஞ்சமே தலை குனிந்து போகிறது. உங்கள் ஒரு மாடி வீடு கற்றைக்குக் கீழே இருக்கிறது. வந்து விழுவது நான் போட்டதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. விளக்கடியில் இருட்டு என்பார்களே, டவருக்கு அது அப்படியே பொருந்தும். டவர் நிற்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவரை விட, நூறு மீட்டர் தள்ளி அதே உயரத்தில் இருப்பவர் மேல் அதிகம் விழலாம்.

மகன் மாடி எழுப்பட்டும். அறுபது மீட்டரில் கற்றைக்கு நேர் எதிரே வந்தாலும் 0.13ஐத் தாண்டாது.

ஆனால் ஒரு விலக்கு இருக்கிறது, அதை விரிவாகச் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை. டவர் நிற்கும் மொட்டை மாடிக்கே ஏறுகிறவர்கள். இரண்டு மீட்டரில் அதே கணக்கைப் போடுங்கள்: 2 பெருக்கல் 2, 4, அதை 12.57ஆல் பெருக்கினால் 50. 1000ஐ 50ஆல் வகுத்தால் 20 வாட். வரம்பைப் போல நாற்பது மடங்குக்கும் மேல். அங்கே தண்ணீர்த் தொட்டி கழுவ ஒருவர் ஏறுகிறார். வெயிலுக்கு முன் சுண்ணாம்பு அடிக்க ஒருவர் ஏறுகிறார். வடகம் காயப்போட அந்த வீட்டு அம்மா ஏறுகிறார். தீபாவளிக்குப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். ஆன்டெனாவுக்குப் பின்னால் நின்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, முன்னால் மணிக்கணக்கில் நின்று வேலை செய்யக் கூடாது. முன்னால் வேலை செய்தே ஆக வேண்டும் என்றால் நிறுவனத்துக்குச் சொல்லி ஆன்டெனாவை நிறுத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். தெருவுக்கு எதிர்ப் பக்கம் ஒன்பது மீட்டரில், ஆன்டெனாவின் அதே உயரத்தில் ஒருவர் புதிதாக மாடி எழுப்பினால் அவருக்கும் இதுவே: 1000ஐ 1018ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1 வாட், வரம்பைப் போல இரண்டு மடங்கு. ஒற்றை ஆன்டெனாவுக்கு நேர் எதிரே இருபது மீட்டருக்குள் அதே உயரத்தில் கட்டடம் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறையே சொல்லியிருந்தது. நம் ஊரில் வீடுகள் ஆண்டுக்கு ஒரு தளம் என்று வளர்கின்றன. டவர் வைத்த நாளில் எதிரில் ஓட்டு வீடுதான் இருந்தது என்பது காகிதத்தில் சரி. ஐந்தாண்டு கழித்து அங்கே யார் போய்ப் பார்க்கிறார்கள்? நான் கண்ட எச்சரிக்கைப் பலகைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருந்தன. தொட்டி கழுவுகிறவருக்கு அது யார் படித்துச் சொல்வது? உங்கள் தெருவில் அந்தக் கட்டடத்து உரிமையாளரிடம் நீங்கள் பேச வேண்டிய விஷயம் இதுதான்.

தாமிர வலைக்கு வருகிறேன். உலோக வலையின் கண், அலைநீளத்தை விட மிகச் சிறியதாக இருந்தால் அலையைத் தடுக்கும் என்பது உண்மை. மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் இருப்பது அதே வலைதான். உள்ளே ஓடும் அலை 12 சென்டிமீட்டர். அதற்குத் தனியாகத் தாமிரம் தேவையில்லை, கடையில் கிடைக்கும் அலுமினியக் கொசுவலையும் அதே வேலையைச் செய்யும். ஆனால் இரண்டு ஜன்னலை மூடிவிட்டு வாசற்கதவைத் திறந்து வைத்தால் ஒரு சாண் அலை அந்த வழியாகத் தாராளமாக வரும். நாலு பக்கமும் முழுதாக மூடினீர்கள் என்று வையுங்கள். அப்போதுதான் கெடுதல் ஆரம்பிக்கிறது. உள்ளே இருக்கும் செல்போனுக்கு டவர் கேட்காது. கேட்கவில்லை என்றதும் அது தன் முழு வலுவில் கத்தத் தொடங்கும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் பேசுவதற்கும் கிடைக்காத இடத்தில் பேசுவதற்கும் செல்போன் வெளியிடும் அலையில் ஆயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம் வரலாம். அறுபது மீட்டரில் இருக்கும் டவரைத் தடுத்துவிட்டு, மருமகளின் காதோரத்தில் இருக்கும் டவரைப் பெரிதாக்குவதற்கு 18,000 ரூபாய்.

வேலையில் இருந்த காலத்தில் ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவார ஊர்களில் சிக்னல் அளந்திருக்கிறேன். குன்று மறைத்து ஒற்றைக் கோடு நிற்கும் இடத்தில் பத்து நிமிடம் பேசினால் செல்போன் கையில் சுடும். டவர் வேண்டாம் என்று போராடுகிற தெருக்காரர்களிடம் அன்று இதைச் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்: டவர் பக்கத்தில் இருந்தால் கையில் இருப்பது அடங்கிப் பேசும்.

அந்த ஆள் ஒரு காகிதமும் காட்டியிருப்பார். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலையை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி வகையில் சேர்த்தது. உண்மைதான். அதற்கு முக்கிய அடிப்படை செல்போனைக் காதில் வைத்துப் பேசுவது பற்றிய ஆய்வுகள். அதே 2பி வகையில் சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் வலை விற்பதில்லை. கழுத்தில் போடும் பதக்கம் என்று ஏதாவது கொடுத்தால் வீட்டுக்குள்ளேயே சேர்க்காதீர்கள். அலையைத் தடுக்கும் என்று விற்ற இப்படிப்பட்ட பத்துப் பொருள்களை 2021 டிசம்பரில் நெதர்லாந்து அரசின் அணுக் கதிர்வீச்சுக் கண்காணிப்பு அமைப்பு சோதித்தது. அவையே எக்ஸ்ரே இனத்தைச் சேர்ந்த, அணுவைப் பிய்க்கும் கதிர்வீச்சை வெளியிட்டன. அணிய வேண்டாம் என்று அது எச்சரித்தது. கர்ப்பிணியின் கழுத்தில் அப்படி ஒன்று தொங்குவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

அரசிடம் அளக்கச் சொல்ல வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2017இல் தரங் சஞ்சார் என்ற இணையதளம் திறந்தார்கள். உங்கள் தெரு டவர் வரம்புக்குள் இருக்கிறதா என்று அதில் பார்க்கலாம், அளந்து தரவும் கேட்கலாம். அளப்பதற்கு 4,000 ரூபாய் கட்டணம் வைத்தார்கள். சந்தேகம் ஒரு தாய்க்கு, டவர் வருமானம் ஒரு நிறுவனத்துக்கு, அளக்கும் கட்டணம் மட்டும் தாய் தலையில். வேலூரில் ஒரு அலுவலகத்தில் இதைக் கேட்டபோது மாநகராட்சிக்குப் போகச் சொன்னார்கள், அங்கே போனால் சென்னைக்கு எழுதச் சொன்னார்கள். கட்டட வாசலில் தமிழில் ஒரு பலகை எழுதி வைத்திருந்தால் உங்கள் கேள்வியில் பாதி எழுந்திருக்காது. அந்த இடைவெளியில்தான் கருவிக்காரர் நுழைகிறார். உங்கள் வீட்டுக் கணக்கில் வரம்புக்கும் உண்மைக்கும் இவ்வளவு தூரம் இருப்பதால், அந்த 4,000 ரூபாயும் உங்களுக்குச் செலவாக வேண்டாம்.

இன்னொரு கூட்டமும் இதே தெருவுக்கு வரும். உங்கள் மாடியிலும் டவர் வைக்கிறோம், மாதம் இவ்வளவு வாடகை, பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் கட்டுங்கள் என்பார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் முத்திரை போட்ட கடிதமும் காட்டுவார்கள். டவர் வைக்க டிராய் யாருக்கும் தடையில்லாச் சான்று கொடுப்பதில்லை, வீட்டுக்காரரிடம் பணமும் வாங்குவதில்லை. மகனிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

மருமகளுக்குச் செய்ய வேண்டியது செலவில்லாதது. நீண்ட நேரம் பேசினால் இயர்போன் போடட்டும், செல்போனை வயிற்றின் மேலோ மடியிலோ வைக்காமல் மேசையில் வைக்கட்டும். ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒரு முழத்துக்குத் தள்ளினாலே மேலே விழுவது நூற்றுக்கணக்கான மடங்கு குறையும். இரவில் சார்ஜ் போடுவது வேறு அறையில் இருக்கட்டும். புதிய செல்போன் வாங்கும்போது நட்சத்திரம், ஹாஷ், 07, ஹாஷ் என்று அழுத்தினால் அது உடம்புக்குள் எவ்வளவு செலுத்துகிறது என்ற எண் திரையில் வரும். இந்தியாவில் கிலோவுக்கு 1.6 வாட்டுக்குள் இருக்க வேண்டும். சிக்னல் ஒற்றைக் கோடு காட்டும் அறையில் பேசாமல் கூடத்துக்கு வந்து பேசச் சொல்லுங்கள். ஜன்னல்களைத் திறந்தே வையுங்கள். வேலூர் வெயிலுக்குக் காற்று வேண்டும்.