அமெரிக்காவில் ஐஹாப் பான்கேக் கடைக்கு ஏன் இவ்வளவு மவுசு?
ஐஹாப் என்பது 'இன்டர்நேஷனல் ஹவுஸ் ஆஃப் பான்கேக்ஸ்' என்ற நீளப் பெயரின் சுருக்கம். 1958-இல் லாஸ் ஏஞ்சலிஸின் டொலூகா லேக் பகுதியில் தொடங்கினார்கள். பழைய கிளைகளின் கூரான நீலக் கூரையை நெடுஞ்சாலையில் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

மோர் சேர்த்த மாவில் சுட்ட பஞ்சு போன்ற பான்கேக்குகளை அடுக்கி, உச்சியில் ஓர் உருண்டை வெண்ணெய் வைத்துத் தருவார்கள். அது உருகி வழியும்போதே மேசையிலுள்ள பாகைப் பிடித்து ஊற்ற வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்குத் திகட்டும், அது வேறு விஷயம்!

சரி, ருசி மட்டுமா? பல கிளைகள் இரவு முழுக்கத் திறந்திருக்கும். நள்ளிரவிலும் காலை உணவு கிடைக்கும். பாதி ஈர்ப்பு அதுதான். 2018-இல் பர்கர் விளம்பரத்துக்காக IHOP என்ற சுருக்கப் பெயரின் கடைசி எழுத்தான 'p'-ஐக் கவிழ்த்து 'b' ஆக்கி, ஊரையே பேசவைத்தார்கள்.