அனல் நிலையம் நின்றால் நம்மவர்கள் கதி? கேள்வி பதில்

நிலக்கரி மின்சாரம் குறையும் காலத்தில் தொழிலாளிக்கு என்ன வழி? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்டவையும் ஒரு தொழிற்சங்கக்காரரின் பதில்களும்.

பென்னாகரம்: அண்ணா, மேட்டூர் அனல் நிலையத்தில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறேன். சீக்கிரம் மூடிவிடுவார்களா?

உடனே இல்லை தம்பி. 2030 வரை அனல் அலகுகளை நிறுத்த வேண்டாம் என்று 2023-இல் மத்திய மின்சார ஆணையம் சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கிருக்கும் 210 மெகாவாட் அலகுகள் நான்கும் பழசு, காலத்துக்கும் ஓடிக்கொண்டே இருக்காது. தென்னாப்பிரிக்காவில் கொமாட்டி நிலையத்தை 2022 அக்டோபரில் நிறுத்தியபோது நிரந்தர ஊழியர்களுக்கு வேறு இடம் கிடைத்தது, ஒப்பந்த ஆட்கள் வீட்டுக்குப் போனார்கள். ஊழியர் பட்டியலில் பெயர் இல்லாதவனுக்காக யாரும் பேச மாட்டார்கள். அதனால் கேட் பாஸ், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வை. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் பழைய யுஏஎன் எண்ணையே, அதாவது உன் பி.எஃப். அடையாள எண்ணையே கொடு. புது எண் போட்டுவிட்டால் பழைய சர்வீஸ் தனியாக நின்றுவிடும், பி.எஃப். பென்ஷனுக்கு மொத்தம் 10 வருட சர்வீஸ் வேண்டும். இதில் கோட்டை விட்டவர்கள் நிறையப் பேர்.

தருமபுரி: ஆட்குறைப்பு செய்தால் என்ன கிடைக்கும் சார்?

ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். காகிதம் இருந்தால்தான் கேட்க முடியும்.

பாலக்கோடு: எந்த நாடாவது ஒழுங்காகச் செய்ததா?

ஜெர்மனியின் ரூர் நிலக்கரிச் சுரங்கப் பகுதி. 2007-இல் முடிவெடுத்து, 2018 டிசம்பரில்தான் கடைசிச் சுரங்கத்தை மூடினார்கள். இடையில் முன்கூட்டிய ஓய்வு, இடமாற்றம், மறுபயிற்சி. 2020-இல் நிலக்கரி விலகல் சட்டம் வந்தபோது, நாட்டின் நிலக்கரிப் பகுதிகளுக்கு 40 பில்லியன் யூரோ வரை ஒதுக்கினார்கள். 58 வயதானவர்களுக்கு ஐந்து வருடம் வரை உதவித்தொகை. பணக்கார நாடு, சரி. ஆனால் 11 வருடம் முன்பே சொல்வதற்குப் பணம் எதற்கு?

ஓசூர்: என் மச்சான் பாய்லர் ஃபிட்டர், வயது 46. இங்கே மின்சார ஸ்கூட்டர் கம்பெனியில் சேர்க்கலாமா?

கஷ்டம். அங்கே ஐடிஐ, டிப்ளமோ முடித்த இளசுகளைத்தான் தேடுவார்கள். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளிலும் பாய்லர் ஓடுகிறது, ஆனால் அது சீசன் வேலை. சாயப்பட்டறை, மருந்து ஆலைப் பக்கம் தேடச் சொல்லுங்கள். சான்றிதழ் இல்லையென்றால், கைத்தொழில் அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் ஆர்பிஎல் திட்டத்தில் முதலில் பதியட்டும்.

காவேரிப்பட்டணம்: அனல் நிலையச் சாம்பலில் ஃபிளை ஆஷ் கல் போடுகிறேன். சாம்பல் வரத்து நின்றால்?

சாம்பல் குளங்களில் தேங்கியது நிறைய இருக்கும், ஒரே நாளில் தீராது. ஆனால் குளத்து ஈரச் சாம்பலும் உலர் சாம்பலும் ஒன்றல்ல. கலவையை இப்போதே கொஞ்சமாகப் போட்டுப் பாருங்கள். அப்புறம், ஜல்லி, கிரஷர் டஸ்ட், சிமெண்ட் போட்டு சாலிட் பிளாக் அடிக்க சாம்பலே வேண்டாம். உங்கள் மெஷினுக்கு அந்த அச்சு பொருந்துமா என்று கேட்டுவிட்டு அடுத்த கடனை வாங்குங்கள்.