கோஹேன் ஆவது யார் வழியில்?

யூதராவது தாய் வழி என்கிறார்கள். அப்புறம் கோத்திரம் மட்டும் எப்படித் தந்தை வழி?

இரண்டும் தனித்தனிக் கணக்கு. பிள்ளை யூதரா என்பதற்குத் தாயைப் பார்ப்பார்கள், எந்தப் பிரிவு என்பதற்குத் தகப்பனை. லேவி கோத்திரத்தில் பிறந்த முதல் தலைமை ஆசாரியர் ஆரோன்; அவருடைய ஆண்வழி வந்தவர் கோஹேன், அதாவது ஆசாரியர். லேவி கோத்திரத்தின் மற்றவர்கள் லேவியர். மீதிப்பேர் வெறும் 'இஸ்ரவேல்'. தாய் யூதரல்ல என்றால், அப்பா கோஹேனாகவே இருந்தாலும் மரபுச் சட்டப்படி பிள்ளைக்கு இரண்டுமே கிடையாது. (அமெரிக்கச் சீர்திருத்த யூதர்கள் 1983இல் இதைத் தளர்த்திவிட்டார்கள்.)

அப்படியானால் கோஹேன் வீட்டுப் பெண்ணின் பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லையா?

ஒன்று உண்டு. தலைச்சன் ஆண் குழந்தை பிறந்து 30 நாள் கழிந்ததும் அதை 5 வெள்ளிக்காசு கொடுத்து 'மீட்கும்' சடங்கு இருக்கிறது. குழந்தையைத் தட்டில் வைத்துக் கொண்டுவருவார்கள். "பிள்ளை வேண்டுமா, காசு வேண்டுமா?" என்று கோஹேன் கேட்பார். தகப்பன் காசை நீட்டுவார். ஆனால் தாய், கோஹேன் அல்லது லேவியரின் மகள் என்றால் இந்தச் சடங்கே தேவையில்லை. பிள்ளை இஸ்ரவேல்தான், சலுகை அம்மா வழியில் வந்தது.

என் நண்பரின் குடும்பப் பெயர் கோஹன். அது போதுமா?

போதாது. பெயர் ஒரு துப்பு மட்டுமே. தாத்தாவின் கல்லறைக் கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆசி வழங்க விரித்த இரு கைகள் செதுக்கியிருந்தால் கோஹேன். நீர்க்குடுவை என்றால் லேவியர். ஆசிக்கு முன் கோஹேனின் கையில் தண்ணீர் ஊற்றுவது அவர்கள் வேலை.

பெயரால் வந்த வம்பு பைபிளின் எஸ்றா புத்தகத்திலேயே இருக்கிறது. பாபிலோனிலிருந்து திரும்பிய ஒரு ஆசாரியக் குடும்பத்தின் மூதாதை, பர்சிலாய் என்பவரின் மகள்களில் ஒருத்தியை மணந்து மாமனார் வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டவர். வீட்டோடு மாப்பிள்ளையோ என்னவோ! வம்ச அட்டவணையில் தேடினால் ஆளைக் காணோம்; குடும்பத்தையே ஆசாரியப் பணியிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

1997இல் வெளியான ஒய் குரோமோசோம் ஆய்வு, கோஹேன்கள் பலரிடம் ஒரே மாதிரி மரபணுக் குறிகளைக் கண்டது. சுவாரசியம்தான். ஆனால் ஆய்வகச் சீட்டைக் காட்டிக் கோஹேன் ஆக முடியாது.

தத்துப் பிள்ளை? மதம் மாறியவர்?

தத்தெடுத்தவரின் கோத்திரம் தத்துப் பிள்ளைக்கு வராது. மாறி வந்தவரை 'ஆபிரகாமின் மகன்' என்று அழைப்பார்கள். அவர் இஸ்ரவேல் பிரிவில் சேருவார்.

கோஹேன், விவாகரத்தான பெண்ணை மணந்தால்?

மரபு அனுமதிக்காது. மீறிப் பிறந்த மகன் முழு யூதர், ஆனால் கோஹேன் அல்ல, 'ஹலால்' என்பார்கள். கறிக்கடைப் பலகையில் பார்க்கும் ஹலால் அல்ல, இதற்குப் பொருள் 'புனிதம் இழந்தவர்'. இஸ்ரேலில் யூதத் திருமணங்கள் ரபிகள் (யூத மதகுருக்கள்) கையில் இருப்பதால், இப்படிப்பட்ட ஜோடிகள் சைப்ரஸுக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வருவதுண்டு.