கெல்லியின் கைகள்

அன்புள்ள ஐயா,

ஃபிரெடரிக் செப்டிமஸ் கெல்லி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1908 ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டியில் தங்கம் வென்றவர், பியானோக் கலைஞரும்கூட என்று எழுதியிருந்தீர்கள். துடுப்பு வலித்துக் காய்த்துப்போன கையால் பியானோ வாசிக்க முடியுமா? என் மகன் கீபோர்டு கற்கிறான், வாலிபாலும் ஆடுகிறான். விரல் கெட்டுவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முடியும். துடுப்புப் பிடித்தால் காய்ப்பது உள்ளங்கையும் விரல்களின் அடிப்பக்கமும்தான். பியானோவைத் தொடுவது விரல்நுனி. சிட்னியில் பிறந்த கெல்லி ஃபிராங்ஃபர்ட்டில் இசை படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், 1905-இல், இங்கிலாந்தின் ஹென்லியில் தனியாளாகப் படகு வலித்து 8 நிமிடம் 10 விநாடியில் பந்தயத்தை முடித்தார். 1938 வரை அந்த நேரத்தை யாராலும் முந்த முடியவில்லை. பையனை ஆட விடுங்கள்.

எட்டுப் பேர் வலிக்கும் படகில் 1908-இல் தங்கம் வாங்கியதோடு கெல்லி பந்தயத்தை நிறுத்திக்கொண்டார். அப்புறம் முழுக்க இசைதான், முதல் உலகப் போர் வரும்வரை.

அவர் கைகள் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது வேறொரு காட்சி. 1915 ஏப்ரல் 23. துருக்கியில் இருந்த கலிப்போலி போர்முனைக்குப் போகும் வழியில், அவருடைய படைப்பிரிவிலேயே இருந்த கவிஞர் ரூபர்ட் புரூக் ரத்தத்தில் நஞ்சேறி இறந்துபோனார். அன்றிரவே கிரேக்கத்தின் ஸ்கைரோஸ் தீவில், ஓர் ஆலிவ் தோப்பில் அடக்கம் செய்தார்கள். மற்றவர்கள் கிளம்பிய பிறகும் கெல்லியும் சில நண்பர்களும் அங்கேயே நின்றார்கள். சுற்றிலும் கிடந்த வெள்ளைப் பளிங்குக் கற்களைத் தூக்கிவந்து புதைகுழியின் மேல் அடுக்கினார்கள். எந்தப் பியானோக் கலைஞரும் பொத்திப் பொத்திக் காப்பாற்றும் விரல்கள் அவை. இதை எப்போது படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

புரூக்குக்காக அவர் தந்தி வாத்தியங்களுக்கு ஓர் இரங்கல் இசை எழுதினார். புதைகுழியின் மேல் சாய்ந்திருந்த ஆலிவ் மரத்தின் சலசலப்பும் அதில் இருக்கிறது. பையனோடு உட்கார்ந்து கேளுங்கள்.

கலிப்போலியில் காயம்பட்டும் பிழைத்தவர், 1916 நவம்பர் 13 அன்று பிரான்சின் போகூரில், எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலையை நோக்கிப் பாய்ந்தபோது கொல்லப்பட்டார். வயது 35. ஒலிம்பிக் படகில் சுக்கான் பிடித்த மக்லாகன் அதற்கு முந்தைய ஆண்டே போரில் இறந்திருந்தார். உடன் துடுப்பு வலித்த சாண்டர்சன் 1918-இல் போனார்.

1919-இல் லண்டன் விக்மோர் அரங்கில் கெல்லிக்கு நினைவுக் கச்சேரி நடந்தது. நண்பனுக்காக அவர் எழுதிய அந்த இரங்கல் இசையை, அன்று அவருக்காகவே வாசித்தார்கள்.