காலையில் சர்க்கரை 115, எச்பிஏ1சி மட்டும் 8.4 ஏன்?

வணக்கம். அப்பாவுக்கு வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 115 தான், ஆனால் எச்பிஏ1சி 8.4, ஒளித்துச் சாப்பிடுகிறாரோ என்று வீட்டில் சண்டை என எழுதியிருந்தீர்கள். பாவம், அவரைச் சந்தேகிக்காதீர்கள். எச்பிஏ1சி என்பது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை; 8.4 என்றால் அந்தச் சராசரி ஏறக்குறைய 194. பகலில் ஏறுவதைக் காலை அளவு காட்டாது.

ஒரு வாரம், தினம் ஒரு வேளையாக, சாப்பிடும் முன்பும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் கை கழுவிவிட்டுச் சர்க்கரை அளவைப் பாருங்கள். பக்கத்திலேயே ‘நான்கு இட்லி, சட்னி’ என்று அம்மா எழுதட்டும். படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போடுங்கள். எந்த வேளை 180ஐத் தாண்டுகிறதோ, அங்கே இட்லியைக் குறைத்துச் சுண்டல், காய் சேருங்கள். அப்புறம் கொஞ்ச நேரம் நடக்கட்டும், நீங்களும் கூடப் போங்கள். மாத்திரையை நீங்களாக மாற்ற வேண்டாம், அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தசோகை இருந்தாலும் எச்பிஏ1சி பிசகலாம், அதையும் கேளுங்கள்.