சிகாகோ பிக்னிக் – ஒரு கடிதம்

வணக்கம்.

சிகாகோவில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். ஜூலை மாதம், ஜாக்சன் பூங்கா. கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் கூடி, டிஜே போடும் பாட்டுக்கு நாள் முழுக்க ஆடுகிறார்கள். அறுபதுக்குக் குறையாத ஓர் அம்மா மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து, சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு ஆடப் போகிறார். "இது அவங்க விடுதலைக் கொண்டாட்டம் மாமா" என்கிறான். எனக்கு ஒப்பவில்லை. விடுதலை போராடி வாங்கியது. ஆட்டம் போட்டால் அதிகாரத்துக்குத்தானே வசதி?

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

உங்கள் கட்சியில் ஏற்கெனவே ஒரு பெரிய மனிதர் இருக்கிறார்: பிரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து 1838ல் தப்பியவர். கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரை எஜமானர்கள் அடிமைகளுக்கு விட்ட விடுமுறையைப் பற்றி 1845ல் வந்த தன்வரலாற்றில் எழுதுகிறார். குடிக்கலாம், ஆடலாம், பிடில் வாசிக்கலாம். அந்த நாட்களிலும் வேலை பார்க்கிறவனைத்தான் எஜமானனுக்குப் பிடிக்காது. கலகம் வராமல் தடுக்க இதைவிடக் கைகண்ட வழி இல்லை என்பது டக்ளஸின் கணிப்பு. குக்கரில் விசில் விடுவது மாதிரி.

ஆனால் அது எஜமானன் கொடுத்த விடுமுறை. வேண்டாதபோது அவனே பிடுங்கிக்கொள்வான். அடிமைகள் தாங்களாக முரசு கொட்டியபோது கதை வேறு. தென் கரோலினாவில் 1739ல் கலகக்காரர்கள் முரசடித்துக்கொண்டே அணிவகுத்தார்கள். மறு வருடமே முரசைத் தடை செய்து சட்டம் வந்துவிட்டது. ஆட்டம் எப்போதும் ஆள்பவனுக்கு வசதி என்றால் முரசைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும்?

அதனால் நான் ஆட்டத்தை விட்டுவிட்டு, ஆடும் இடம் யாருடையது என்று பார்ப்பேன். அடிமைகள் விடுதலையான சேதி டெக்சாஸுக்கு 1865 ஜூன் 19ல்தான் வந்தது. அந்த நாளைக் கொண்டாட இடம் வேண்டும் என்று ஹூஸ்டன் கறுப்பின மக்கள் 1872ல் கைக்காசைப் போட்டுப் பத்து ஏக்கர் வாங்கினார்கள். அடிமைத்தளையிலிருந்து வந்து ஏழே வருடம் ஆனவர்கள் சேர்ந்து வாங்கிய நிலம், கூடிக் கொண்டாடுவதற்கு! எமான்சிபேஷன் பார்க் (விடுதலைப் பூங்கா) என்று இன்றும் இருக்கிறது. அந்த நாளை அரசு தேசிய விடுமுறையாக்க 2021 ஆகிவிட்டது.

சரி, சிகாகோவுக்கு வருவோம். வீடியோவில் கேட்டது ஹவுஸ் இசை, டிஸ்கோவிலிருந்து கிளைத்த ஆட்ட இசை. அந்தப் பெயர் 'வேர்ஹவுஸ்' என்ற கிளப்பிலிருந்து வந்தது. டிஜே பிராங்கி நக்கிள்ஸ் அங்கே 1977 முதல் 1982 வரை இசைத்தட்டு சுழற்றினார். வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அதிலும் தன்பாலின ஈர்ப்பாளர்கள், வேறெங்கும் நிம்மதியாக ஆட முடியாதவர்கள். ஒரு தட்டு முடிவதற்குள் அடுத்ததை அதே வேகத்துக்கு இழுத்துப் பிடித்து மேலே ஏற்றிவிடுவார். பாட்டு எங்கே முடிந்தது என்றே தெரியாது. உட்கார இடைவெளி கிடைத்தால்தானே உட்கார! சனி இரவு தொடங்கினால் ஞாயிறு விடிந்தும் நடக்கும்.

அதே ஊரில் 1979 ஜூலை 12 அன்று ஒரு பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். ஒரு தட்டும் 98 செண்டும் கொண்டுவந்தால் உள்ளே விடுவார்கள். அன்று அங்கே வேலை பார்த்த கறுப்பினச் சிறுவன் வின்ஸ் லாரன்ஸ், வந்து விழுந்தவற்றில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளும் கிடந்ததைக் கவனித்திருக்கிறார். ஐந்து வருடம் கழித்து ஹவுஸ் இசையின் முதல் தட்டுகளில் ஒன்றை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

அப்புறம் உங்கள் பிக்னிக். 1990ல் ஜாக்சன் பூங்காவில் உள்ள அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் ஹாட்செட் குடும்பம் அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4க்குக் கூடிய விருந்தாகத் தொடங்கியது அது. அந்தக் குடும்பத்து அண்ணன் தம்பி இருவரும் 'சோசன் ஃப்யூ' டிஜே குழுவில் இருந்ததால் நண்பர்களும் தட்டுகளோடு வந்து சேர்ந்தார்கள். இன்று டிக்கெட் வாங்க வேண்டியிருக்கிறது; குடும்ப விருந்தின் நெருக்கம் கொஞ்சம் குறைந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நாளைக் கவனியுங்கள். ஜூலை 4 அடிமைக்கு என்ன நாள் என்று 1852ல் மேடையேறிக் கேட்டவரும் டக்ளஸ்தான். அந்த நாளை ஒட்டித்தான் இவர்கள் வருடாவருடம் கூடாரம் போட்டுக் கறி சுடுகிறார்கள்.

அந்த அம்மாவுக்கு அறுபதுக்குக் குறையாது என்கிறீர்கள். கணக்குப் போட்டால் நக்கிள்ஸ் வேர்ஹவுஸை விடும்போது பதினாறு, பதினேழு வயது இருந்திருக்கும். வயதை மறைத்து உள்ளே நுழைந்தவராகக்கூட இருக்கலாம். அக்கா மகன் அடுத்த முறை போனால் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.