ஆப்பிரிக்கர்களே ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக விற்றார்கள், போர்த்துகீசியர்கள் வாங்க மட்டுமே செய்தார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் கதையை நடுவிலிருந்து தொடங்குகிறோம். ஆரம்பத்தில் போர்த்துகீசியர்கள் யாரிடமும் விலை பேசவில்லை. ஊருக்குள் புகுந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பள்ளியில் போர்ச்சுகல் இளவரசர் 'மாலுமி ஹென்றி' பற்றி நானும் மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். அந்த விடையில் வராத ஒரு நாள் உண்டு: 1444 ஆகஸ்ட் 8. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர இன்னும் 54 ஆண்டுகள் இருந்தன. போர்ச்சுகலின் தென்கரையில் லாகோஸ் துறைமுகம் (நைஜீரியாவின் லாகோஸ் வேறு). இன்றைய மொரிட்டேனியாவின் அர்குயின் விரிகுடாத் தீவுகளில் பிடிக்கப்பட்ட 235 பேரை, வெயில் ஏறுவதற்கு முன்பே படகுகளிலிருந்து இறக்கித் திடலில் நிறுத்தினார்கள். அரசவை வரலாற்றாசிரியர் சுராரா அதை எழுதி வைத்திருக்கிறார். சிலர் தலை குனிந்து அழுதார்கள், சிலர் தரையில் விழுந்து புரண்டார்கள், சிலர் தங்கள் ஊர் வழக்கப்படி ஒப்பாரி பாடினார்கள். பங்கு பிரிக்கும்போது அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். தாய்மார்கள் குழந்தைகளைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்து, அடியை முதுகில் வாங்கினார்கள். இளவரசர் ஹென்றி குதிரை மேல் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தில் ஒரு பங்காக அவருக்குக் கிடைத்தவர்கள் 46 பேர். இதை எழுதியவர் ஹென்றியைப் போற்றுபவர், எதிரி இல்லை. அதனால்தான் அந்தப் பக்கங்களை என்னால் வேகமாகக் கடந்துபோக முடிவதில்லை.

அப்புறம் ஏன் வாங்க ஆரம்பித்தார்கள்? ஆப்பிரிக்கர்கள் திருப்பி அடித்தார்கள், அதனால்தான். 1446இல் போர்த்துகீசிய மாலுமி நூனோ திரிஸ்தாவோ தன் ஆட்களோடு ஓர் ஆற்றுக்குள் படகில் போனபோது விஷ அம்புகளுக்குப் பலியானார். சண்டை போட்டு ஆள் பிடிப்பது கட்டுப்படியாகவில்லை. அர்குயினில் வணிகத் தளம் போட்டார்கள். செனகல் பகுதியில் ஒரு குதிரைக்கு 9 முதல் 14 பேர் வரை கிடைத்ததாக, 1455இல் அங்கே போன வெனிஸ் வணிகர் கடமோஸ்தோ எழுதுகிறார். அதே ஆண்டு போப் ஐந்தாம் நிக்கோலஸ் இதற்கெல்லாம் ஒப்புதல் கொடுத்தார்.

உள்ளூர் மன்னர்களும் வணிகர்களும் விற்றது இங்கிருந்துதான் வருகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "தங்கள் மக்களையே விற்றார்கள்" என்பது சரியில்லை. 'ஆப்பிரிக்கர்' என்ற ஒரே அடையாளம் அன்று அவர்களுக்குள் இல்லை. பெரும்பாலும் விற்கப்பட்டவர்கள் போரில் பிடிபட்ட வேற்று நாட்டார்.

காங்கோ மன்னர் முதலாம் அஃபோன்சோவின் கதை இதை நன்றாகக் காட்டுகிறது. அவர் கிறித்தவர், போர்த்துகீசிய மொழியில் கடிதம் எழுதியவர். போர்க்கைதிகளை அவரும் விற்றார். ஆனால் வணிகர்களின் ஆசை அதோடு நிற்கவில்லை. 1526இல் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜுவாவுக்கு அவர் முறையிட்டார்: உங்கள் ஆட்கள் எங்கள் குடிமக்களை, பிரபுக்களின் பிள்ளைகளை, என் உறவினர்களைக்கூடப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நாடு ஆளில்லாமல் போகிறது. எங்களுக்குப் பாதிரியார்களும் ஆசிரியர்களும் போதும், பூசைக்குத் திராட்சை ரசமும் மாவும் போதும், அடிமை வணிகம் வேண்டாம்.

அதே ஆண்டு அக்டோபரில் அஃபோன்சோ மூன்று அதிகாரிகளை நியமித்தார். விலைக்கு வருகிறவர் உண்மையிலேயே போர்க்கைதியா, கடத்தப்பட்ட குடிமகனா என்று விசாரித்த பிறகுதான் கப்பலேற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. தன் மக்களை விற்கிறவர் இப்படி ஓர் ஏற்பாடு செய்வாரா, சொல்லுங்கள்.

ஜுவாவின் பதில் 1529இல் வந்தது. காங்கோ அவ்வளவு பெரிய நாடாம், அவ்வளவு மக்களாம், ஓர் அடிமைகூட அங்கிருந்து வெளியே போனது போலத் தெரியவில்லையாம்.